சிறப்பாசிரியர் பற்றாக்குறையா, பணியிடப் பற்றாக்குறையா?

(மெட்டுகுடாவில் நடைபெற்ற, தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே!

நாம் கூடியிருக்கும் இந்த மெட்டுகுடா ரயில்வே தொழிலாளர்களின் பகுதி. லாலாகுடா பணிமனையையும் செகந்திராபாத் ரயில் நிலையத்தையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், போவன்பள்ளி மனோவிகாஸ் நகரில், ஒன்றிய அரசு 1984ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் என்று முன்னர் அழைக்கப்பட்ட அது, இன்று அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கிறது. சிறப்புக் கல்வியில் பட்டயம் முதல் முதுநிலைப் பட்டம் வரை அங்கே கற்பிக்கப்படுகிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்து இளைஞர்கள் அங்கே படித்துச் செல்கிறார்கள்.

அந்த நிறுவனத்தின் நிழலிலேயே வாழும் ஒரு தாய், நம்மைப் போல் தமிழ் பேசும் ரயில்வே குடும்பத்தைச் சேர்ந்தவர், சில மாதங்களுக்கு முன் என்னிடம் இப்படிச் சொன்னார்: "என் மகனுக்கு மூன்று ஆண்டில் நான்கு டீச்சர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான்." அவருடைய மகன் பேசுவதில்லை. படம் வரைந்த அட்டைகளைக் காட்டித் தன் தேவையைச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தான். பழக்கிய ஆசிரியை ஒப்பந்தப் பணியை விட்டுப் போனதும் அட்டைகள் பெட்டிக்குள் போயின. புதிதாக வந்தவர் வேறொரு முறையைத் தொடங்கினார். அதுவும் பாதியில் நின்றது.

ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம் கூப்பிடு தூரத்தில் இருக்க, பள்ளியில் ஏன் ஆசிரியர் நிலைப்பதில்லை? இன்று நான் பேச விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.

சிறப்பாசிரியர் செய்யும் வேலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்துள்ளது. பார்வையற்ற குழந்தைக்கு பிரெய்லும், செவித்திறன் இல்லாத குழந்தைக்குச் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைக்கு, ஒரு சிறு செயலைப் பத்துப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியாகக் கற்றுத்தரத் தெரிந்தவர் வேண்டும். சட்டை பித்தானைப் போடுவதும், பேருந்து எண்ணைப் படிப்பதும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் அந்தக் குழந்தைக்குப் பாடங்களே.

இந்தப் பாடங்கள் ஒரு நாளில் முடிவதில்லை. ஒரு குழந்தையின் அழுகைக்கு என்ன பொருள், எந்த ஓசை அதை அச்சுறுத்துகிறது, எந்தப் பொருள் அதன் கவனத்தை ஈர்க்கிறது என்று அறிவதற்கே பல மாதங்கள் ஆகும். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் முழுமையாக ஏறுவதில்லை. ஆசிரியர் போகும்போது அதுவும் அவருடன் போய்விடுகிறது. எனவே சிறப்பாசிரியர் பணியில் நிலைத்திருப்பது அவருடைய வேலைப் பாதுகாப்போடு முடிகிற விஷயமில்லை. குழந்தையின் கல்வி உரிமையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சட்டம் வகுத்த கணக்கு

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை அது சுட்டியது. ஒன்றிய அரசு 2022 செப்டம்பரில் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி இந்த விகிதத்தை அறிவித்தது.

இனி நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2019-20ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, பள்ளிகளில் பதிவு பெற்ற சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 22.5 லட்சம். அனைவருக்கும் 15க்கு ஒருவர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1.5 லட்சம் ஆசிரியர்கள் வேண்டும். 10க்கு ஒருவர் என்றால் 2.25 லட்சம். பள்ளி வாசலையே மிதிக்காத குழந்தைகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அறிவிப்பு வந்த பிறகும் பெரும்பாலான மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கவில்லை. அதே வழக்கில் 2025 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியதாயிற்று. மார்ச் 28க்குள் ஒவ்வொரு மாநிலமும் பணியிடங்களின் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இருபது ஆண்டுகள் வரை ஒப்பந்தத்தில் பணியாற்றுவோர் இருப்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. உரிய தகுதி பெற்ற அத்தகையோரைப் பரிசீலிக்க மாநிலந்தோறும் குழு அமைக்கவும் ஆணையிட்டது. நாட்டின் கல்வி அமைச்சகம் தானே வெளியிட்ட அறிவிப்பை நடைமுறைப்படுத்த, நீதிமன்றம் தேதி குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

ஒரு திட்டத்தின் தயவில்

ஏன் இந்த நிலை? வரலாற்றைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1974இல் தொடங்கியபோது, அது சமூக நலத் துறையிடம் இருந்தது. கல்வித் துறைக்கு அது 1982இல்தான் வந்து சேர்ந்தது. அதன் பின்னரும் சர்வ சிக்ஷா அபியான், இன்றைய சமக்ர சிக்ஷா என்று திட்டங்களின் பெயர்கள் மாறின. சிறப்பாசிரியர் மட்டும் திட்ட ஊழியராகவே நீடித்தார். ஆண்டுதோறும் ஒப்பந்தம், தொகுப்பூதியம், ஒன்றிய அரசின் நிதி தாமதமானால் சம்பளமும் தாமதம் என்பதே அவருடைய வாழ்க்கை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறப்பாசிரியரின் தகுதியை நிர்ணயித்துப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பள்ளிகளோ கல்வித் துறையின் கீழ் இருக்கின்றன. ஆசிரியரை உருவாக்குவது ஓர் அமைச்சகம், அவருக்கு வேலை தர வேண்டியது இன்னொன்று. எத்தனை பேர் தேவை, எத்தனை பேரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று இரண்டையும் இணைத்துத் திட்டமிடும் பொறுப்பை எவரும் ஏற்பதில்லை. பிறகு, "தகுதி பெற்றவர்கள் கிடைக்கவில்லை" என்று இரு தரப்பும் கையை விரிக்கின்றன. தகுதி பெற்றவர்கள் கிடைத்தார்கள், தோழர்களே. அவர்களை வைத்துக்கொள்ள அரசு தயாராக இல்லை.

தெலங்கானாவின் அனுபவம்

நம் மாநிலத்தில் மண்டலங்கள்தோறும் பவிதா மையங்கள் இயங்குகின்றன. அங்கே பணியாற்றும் சிறப்பாசிரியர்கள், மையத்துக்கு வரும் குழந்தைகளுக்குக் கற்பிப்பதோடு, பல பள்ளிகளுக்கும் செல்ல வேண்டும். வீட்டை விட்டு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்ல வேண்டும். கணக்கெடுப்பு, சான்றிதழ் முகாம், உதவிக் கருவி வழங்கும் முகாம் எல்லாம் அவர்கள் தலையில்தான்.

2024 டிசம்பரில் தெலங்கானா முழுவதும் சமக்ர சிக்ஷா ஒப்பந்த ஊழியர்கள் பணி நிரந்தரம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கஸ்தூரிபா பள்ளி ஆசிரியைகளோடு இந்தச் சிறப்பாசிரியர்களும் தெருவில் அமர்ந்திருந்தார்கள். அந்தப் போராட்டத்தைச் சம்பளக் கோரிக்கையாக மட்டும் செய்தித்தாள்கள் சித்திரித்தன. ஒரு குழந்தைக்கு ஒரே ஆசிரியர் நான்கு ஆண்டு தொடர்ந்து கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்குள் இருந்தது. அதை மக்களிடம் எடுத்துச் சொல்வதில் நாமும் போதிய கவனம் செலுத்தவில்லை.

அதே 2024இல் மாநில அரசு அறிவித்த 11,062 ஆசிரியர் பணியிடங்களில் சிறப்புக் கல்விக்கென 1,016 இடங்கள் இருந்தன. அவற்றில் 796 இடைநிலை ஆசிரியர் பணியிடங்கள், 220 பள்ளி உதவியாசிரியர் பணியிடங்கள். நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க முடியும் என்பதற்கு இது சான்று. இந்த முன்னேற்றத்தை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் பல்லாண்டுகள் ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் அனுபவத்துக்கு உரிய மதிப்புத் தராமல், புதிய நியமனத்தைக் காட்டி அவர்களை ஓரங்கட்ட இடம் தரக் கூடாது.

பயிற்சி என்பது என்ன?

தேசியக் கல்விக் கொள்கை 2020, சிறப்பாசிரியர்கள் அவசரமாகத் தேவை என்று ஒப்புக்கொள்கிறது. அதற்கு அது முன்வைக்கும் வழிகளில் ஒன்று, பொது ஆசிரியர்களுக்கான குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு. எல்லா ஆசிரியரும் அடிப்படைப் புரிதல் பெறுவது நல்லதே. ஆனால் சில நாள் பயிற்சி பெற்ற பொது ஆசிரியரைக் கணக்கில் காட்டி, சிறப்பாசிரியர் பணியிடத்தை இல்லாமல் ஆக்கினால், அது ஏமாற்று வேலை. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் தனியாக நிற்கும் ஆசிரியர் மீது இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, "உள்ளடக்கிய கல்வி" என்று பெயர் சூட்டுவதை நாம் ஏற்க முடியாது.

சோவியத் உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1920களில் இத்துறையில் முன்னோடியாக ஆய்வு செய்தவர். உடலின் குறையைவிட, அதைக் காரணம் காட்டிச் சமூக வாழ்விலிருந்து குழந்தையை விலக்கி வைப்பதே அதன் வளர்ச்சியைப் பெரிதும் தடுக்கிறது என்பது அவருடைய நிலைபாடு. குழந்தையின் குறையை மாற்ற முடியாமல் போகலாம். அதைச் சூழ்ந்திருக்கும் சமூக ஏற்பாட்டை மாற்ற முடியும். சிறப்பாசிரியர் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இத்தாலி 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கென நியமிக்கப்படும் துணை ஆசிரியர், வகுப்பு முழுமைக்குமான ஆசிரியராகவே கருதப்படுகிறார். அவ்வளவு முன்னேறிய சட்டம் உள்ள அந்நாட்டிலும், தற்காலிக நியமனத்தால் துணை ஆசிரியர் ஆண்டுதோறும் மாறுவது பெற்றோரின் தீராத முறையீடாக இருக்கிறது. நல்ல சட்டம் மட்டும் போதாது, நிலையான பணியும் வேண்டும் என்பதே அது தரும் படிப்பினை.

சுயவிமர்சனமாகச் சில சொற்கள்

அங்கன்வாடி ஊழியர், ஆஷா ஊழியர் போராட்டங்களில் நாம் முன்னணியில் நிற்கிறோம். சிறப்பாசிரியர்களும் அதே வகைத் திட்டத் தொழிலாளர்களே. பெரும்பான்மையோர் பெண்கள். இருந்தும் அவர்களிடம் நாம் போதிய அளவு செல்லவில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தையைக் கண்டால் இரக்கப்படுகிறோம், பண்டிகை நாளில் இனிப்பு வழங்குகிறோம். அந்தக் குழந்தைக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. நமது பொது ஆசிரியர் தோழர்களிடையேகூட, சிறப்பாசிரியரைச் சக ஆசிரியராகக் கருதாத மனப்பான்மை இருக்கிறது. இதைக் களைய வேண்டும்.

மொழிப் பிரச்சினையும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பயிற்சி அட்டையில் ஆங்கிலம் என்றால், பேச்சுக்கே போராடும் குழந்தை என்ன செய்யும்? வீட்டு மொழியில் குழந்தையை மதிப்பிடவும் பெற்றோருக்கு வழிகாட்டவும் ஏற்பாடு வேண்டும். தெலுங்கு, உருது, தமிழ், இந்தி என எல்லா மொழிக் குடும்பத்துக்கும் பொதுவான கோரிக்கை இது. இதை நாம் தனித்து எழுப்பாமல், எல்லோரோடும் சேர்ந்து எழுப்ப வேண்டும்.

நமது கோரிக்கைகளும் கடமைகளும்

1. அறிவிக்கப்பட்ட விகிதப்படி, கல்வித் துறையின் கீழ் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி நிரப்ப வேண்டும்.

2. தகுதி பெற்ற ஒப்பந்தச் சிறப்பாசிரியர்களை நிரந்தரப்படுத்த வேண்டும். அதுவரை, உச்ச நீதிமன்றம் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உறுதிப்படுத்திய சம வேலைக்குச் சம ஊதியக் கோட்பாட்டை இவர்களுக்கும் பொருத்த வேண்டும்.

3. அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சிறப்புக் கல்விப் படிப்பைத் தொடங்க வேண்டும். ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளே ஆசிரியர்களாக வருவதை ஊக்குவிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கூறுகிறது.

4. பயணப்படி, பதவி உயர்வு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும். மறுவாழ்வு கவுன்சில் பதிவைப் புதுப்பிப்பதற்கான தொடர் பயிற்சிச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

கிளைகள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் பகுதியில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுக்குரிய சிறப்பாசிரியர் எத்தனை பேர்? அவர் எத்தனை ஆண்டாக அதே பள்ளிக்கு வருகிறார்? பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அச்சட்டத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினராகச் சேர்க்கப்பட்டுள்ளனர். எனவே அவர்களின் பெற்றோருக்கும் அந்தக் குழுவில் உரிய இடம் உண்டு. அந்த இடத்தில் அவர்களை அமரச் செய்வது நம் வேலை.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட தாய் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அதே ஆசிரியை வருவாரா என்றுதான் கேட்டார். அவருக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. தனி ஒருவராக எவராலும் சொல்ல முடியாது. ஒப்பந்த ஊழியர்களும் பெற்றோரும் நாமும் ஓரணியில் நின்றால், "வருவார்" என்று சொல்லும் நாளைக் கொண்டுவர முடியும். அந்தப் பணியை இந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்குவோம், தோழர்களே!