மதிப்பெண் இடுபவரிடம் மனம் திறக்குமா?



பிள்ளையின் காலிலே முள் தைத்தால் வீடே பதறுகிறது. கருத்திலே முள் தைத்தால்? "திமிர்" என்கிறார் தந்தை. "சோம்பல்" என்கிறார் ஆசிரியர். "காற்றுக் கருப்பு" என்கிறான் பூசாரி!

கற்பனை அல்ல நான் கூறுவது. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 7.3 பேர் மனநோயால் வாடுவதாகக் கணக்கிட்டது. 60 பேர் அமரும் வகுப்பிலே நான்கு பிள்ளைகள்! மருந்து தர ஆள் உண்டா? ஆய்வு நடந்த 12 மாநிலங்களில், கேரளம் நீங்கலாக, லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட அன்று இல்லை.

"மருத்துவர் இல்லையேல் ஆசிரியரே கவனிக்கட்டும்" என்று எளிதாகக் கூறிவிடுவர், கோப்புகளைப் புரட்டுவோர். அவர்கட்கு விடை தந்திருக்கிறது நாளந்தா!

ஆம், அன்று அறிவு தேடி அயல்நாட்டார் வந்த அதே நாளந்தா. பீகாரின் அந்த மாவட்டத்தில், 70க்கும் மேற்பட்ட அரசினர் பள்ளிகளில் 'செஹர்' எனும் சோதனை நடத்தினர். சில பள்ளிகளில் ஆசிரியருக்கே பயிற்சி தந்து பொறுப்பை ஒப்படைத்தனர். வேறு சிலவற்றில் அதற்கென்றே ஒருவரை அமர்த்தினர். மருத்துவரை அல்ல, பயிற்சி பெற்ற சாமானியரை! குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி. தனியே அமர்ந்து பேச ஓர் ஆள். 2018இல் 'லான்செட்' ஏடு முடிவை வெளியிட்டது: தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, மாணவரை மாணவர் வதைப்பதும் குறைந்தது; ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலோ பலனில்லை!

ஆசிரியர் கல்நெஞ்சரா? அல்லர். பாடம், தேர்வு, பதிவேடு என மூன்று சுமை தாங்கும் தோளிலே நான்காவதை ஏற்றுவது நியாயமா? மேலும், மதிப்பெண் இடுபவரிடம் மனப்புண்ணைக் காட்ட எந்தப் பிள்ளை துணியும்?

2025 சூலையில் உச்சநீதிமன்றம், 100 மாணவர்க்குக் குறையாத கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென நெறி வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால், கணக்கு வாத்தியார் மேசையிலே 'ஆலோசகர்' எனப் பலகை வைத்துவிட்டு, "ஆணை நிறைவேறிற்று" என்று எழுதிவிடலாகாது!

உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். "எங்கள் பிள்ளை பேச ஆள் எங்கே? அவருக்கு ஊதியம் எங்கே?" என்று கேளுங்கள். பசித்த பிள்ளைக்குச் சோறு கேட்டோம், பள்ளியிலேயே கிடைத்தது. தவிக்கும் பிள்ளைக்கு ஒரு செவி கேட்போம். அதுவும் பள்ளியிலேயே கிடைக்கட்டும்!