செம்மண் சாலையும் வண்டியின் பின்பக்கமும்



தோட்டத்து லயத்திலிருந்து தார்ச் சாலையைத் தொடுவதற்கே சில கிலோமீட்டர் செம்மண்ணில் போக வேண்டிய குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதானாலும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதானாலும் அந்தச் சாலையைத்தான் கடந்தாக வேண்டும். மாதத் தவணை கட்டி வாங்கிய நமது காரோ, தார்ச் சாலையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. ஆகையால் அதன் பின்பக்கத்தைச் செம்மண்ணுக்கு ஏற்றபடி எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதை இன்று பேசுவோம்.

பின்பக்கத்தை மட்டும் ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்பீர்கள். நம்மிடம் உள்ள பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் பாரம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். பின்பக்கமோ ஓட்டுநர் தனியே போகும்போது லேசாகிவிடும். பின் இருக்கையில் மூன்று பேரும், பின்பெட்டியில் அரிசி மூட்டையும் கேஸ் தோம்பும் ஏறினால் அமுங்கிவிடும். பாரத்தையும் தாங்க வேண்டும், பாரமில்லாதபோது சக்கரம் மண்ணை விட்டு எழும்பாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று பகை. நாம் செய்யும் தவறுகளில் பல இந்தப் பகையை மறந்ததால் வருபவை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். 1996ஆம் ஆண்டில் எங்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. வாரச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவோம். மூட்டைகள் ஏறியதும் பின்பக்கம் தொங்கிப்போவதைக் கண்டு, பட்டை ஸ்பிரிங்கில் ஆளுக்கு ஒரு பட்டையாக இருபுறமும் கூடுதலாகச் சேர்த்துக் கட்டினோம். பாரத்தோடு போகும்போது வண்டி ராஜாவைப் போல நின்றது. ஆனால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் துள்ளியது. "அண்ணே, வண்டி பின்னால குதிக்குது, மெதுவாப் போங்க" என்று தம்பி இரண்டு முறை சொன்னார். மழை விட்ட ஒரு மாலை நேரம். வளைவில் பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்த்தது. வண்டி செம்பனைக்கு ஓரமாக வெட்டியிருந்த வாய்க்காலில் இறங்கியது. தம்பியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பின் அவரால் முன்போலக் குலை வெட்டும் வேலைக்குப் போக முடியவில்லை. பட்டையைச் சேர்க்கச் சொன்னது பட்டறைக்காரர் அல்லர், நாங்களேதான்.

நடந்தது என்னவென்று பிற்பாடுதான் விளங்கியது. ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால், மேட்டில் அது அமுங்காமல் வண்டியையே தூக்கி எறிகிறது. சக்கரம் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, பக்கவாட்டுப் பிடிப்பும் கிடையாது. தார்ச் சாலையில் இது தெரியாது. உருளும் மண்ணில் உடனே தெரியும். பாரம் ஏற்றியே ஆக வேண்டும் என்பவர்கள், அடியில் இருக்கும் துணைப் பட்டை முறையைப் பற்றிப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். வண்டி வெறுமையாக இருக்கையில் அந்தப் பட்டை சும்மா இருக்கும். பாரம் ஏறி மற்றப் பட்டைகள் வளைந்து வந்த பிறகே அது கை கொடுக்கும்.

பழைய மோரிஸ் மைனரிலும் டட்சன் 120ஒய்யிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் இன்றும் அதைக் காணலாம். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவிலும், 1994 முதல் 2009 வரை செய்யப்பட்ட கஞ்சிலிலும் பின்னால் சுருள் ஸ்பிரிங். வடிவம் எதுவானாலும் ஸ்பிரிங் மட்டும் போதாது. அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது அப்சோர்பர். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, ஆட்டத்தின் வேகத்தை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது.

செம்மண் சாலையில் துணி துவைக்கும் பலகையைப் போல வரி வரியாக மேடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் அப்சோர்பருக்குச் சோதனை. அது நலமாக இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வண்டியின் பின் மூலையை உடல் பாரம் கொடுத்து அழுத்தி, சட்டென்று விடுங்கள். மேலே வந்து அமைதியாக நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் தேய்ந்துவிட்டது. இதை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம். இன்னொரு சோதனை உண்டு. சில கிலோமீட்டர் செம்மண்ணில் ஓடிவந்த பிறகு, வண்டியை மேடு பள்ளமில்லாத இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, பின் அப்சோர்பர் இரண்டையும் பதமாகத் தொட்டுப் பாருங்கள். புகைக் குழாயில் கை படாமல் கவனம். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்ததுதான் வேலை செய்யாதது. சூடு நல்லது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். வேலை செய்கிறவனுக்குத்தானே வேர்க்கும்! மேலே எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தாலும் அது முடிந்த கதைதான். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதுமாக இருந்தால் பின்பக்கம் ஒரே பக்கமாக இழுக்கும்.

வண்டியைத் தூக்கி வைப்பதைப் பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். அடியில் கல் இடிக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஸ்பிரிங்குக்கு மேல் கட்டையை வைத்து உயர்த்தினால், பழைய அப்சோர்பர் முன்பே பாதி நீண்டுவிட்ட நிலையில் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதற்கு நீள இடமில்லை. தொங்கி இழுத்துத் தன் பிடியையே பிய்த்துக்கொள்ளும். பிரேக் ரப்பர் குழாயும் அப்படியே இழுபடும். பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு கம்பி இருக்கும். பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அது. உடலை உயர்த்தினால், வண்டி வெறுமையாக இருக்கிறது என்று எண்ணி அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மூட்டை நிறைய இருக்கும்போது இதனால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் கருத்தில், சோர்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை அதன் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தாலே நம்மவர் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அளந்தால், எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டயர் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். நீண்ட செம்மண் சாலைக்கு இறங்கும் முன், கம்பெனி சொன்ன அளவிலிருந்து சிறிது, 200 என்றால் 180 அளவுக்குக் குறைத்தால், அதிர்ச்சி தணியும், பிடிப்பும் கூடும். பாரம் அதிகமாக இருந்தால் குறைக்க வேண்டாம். தார்ச் சாலைக்கு ஏறியதும் மறுபடியும் நிரப்பிக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். மூட்டைகளைப் பின் அச்சுக்கு முன்னால், கூடிய வரை தாழ்வாக அடுக்குங்கள். வாலில் தொங்கவிட்டால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

கடைசியாக ரப்பர் புஷ்கள். பின் அச்சைத் தாங்கும் கைகளின் முனையிலும், பட்டை ஸ்பிரிங்கின் காதுகளிலும் இவை இருக்கும். நாம் விடியற்காலையில் சீவிய மரத்தின் பால் இப்படித் திரும்பி நம்மைத் தாங்குகிறது என்று நினைத்தால் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப் பருத்துவிடும். கிறீச்சென்று சத்தம் கேட்டதும் எண்ணெய் ஊற்றுவது கூடாது. தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவினாலே பாதி சத்தம் போய்விடும். வெடித்த புஷ்ஷை மாற்றும்போது, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கி நிற்கும் நிலையில்தான் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரத்தில் கிழிந்துவிடும். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டியிருந்தால், சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.