கூரைக்கு ஏற்ற பொருள் எது?



நம் சங்கம் எழுப்பவிருக்கும் படிப்பகத்திற்கு எவ்வகைக் கூரை இடுவது என்னும் வினா சில திங்களாக நம்மிடையே நிலவி வருகின்றது. ஓலை போதும் என்பாரும், தகரம் மலிவு என்பாரும், கான்கிரீட்டே கௌரவம் என்பாரும் உளர். கௌரவம் கட்டடத்தைத் தாங்காது. சுமை, மண், வெப்பம், தீ, செலவு இவற்றைச் சீர்தூக்கியே பொருளைத் தேர்தல் வேண்டும்.

ஓலை இலேசானது, குளிர்ச்சி தருவது. வைரம் பாய்ந்த பனங்கைகளின் மேல் அதனை வேய்ந்தே நம் முன்னோர் வாழ்ந்தனர். எனினும் தீக்கு எளிதில் இரையாகும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிந்து மாண்டனர். (அது ஓலையின் குற்றமன்று, தீ வைத்தோர் குற்றம்.) 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளியின் ஓலைக் கூரை பற்றி 94 குழந்தைகள் மடிந்தனர். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் ஓலைக்கு உடன்பட இயலாது.

கல்நார்த் தகடு தீப்பற்றாது. ஆயின் அதன் நுண்ணிழை நுரையீரலிற் புற்றுநோய் விளைவிக்கும். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோவே. சித்திரை வெயிலில் அதன்கீழ் அமர்ந்து எவர் படிப்பர்?

பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளமோ சதுர மீட்டருக்கு 250 கிலோ. அதனைத் தாங்க வேண்டியது மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் நம் கரிசல் மண். வெடிப்புச் செல்லும் ஆழத்திற்கும் கீழே அடித்தளத்தை இறக்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகின்றது.

வெடிபொருள் கையாளும் கொட்டகைக்கு இதே கான்கிரீட் கூரை ஆகாது. வெடிப்பின் வேகம் மேலெழுந்து போக இலேசான கூரையே நன்று. பாரமான கூரை உள்ளிருப்போர் மேல் இடிந்து விழும். பட்டாசு ஆலைகளுக்குச் செல்லும் இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசைக்கு ஆற்றாது. ஆதலின் கம்பி இடுகின்றோம். உவர்நீரிற் குழைத்தால் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் துருவினால் 2022இல் இரயில் நின்றது. 2025இல் திறந்த புதுப்பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இடப்பட்டன. அத்துணை விலை நமக்கு எட்டாது. நல்ல தண்ணீர் எட்டும்.

கான்கிரீட்டே இடுவதென முடிவு செய்துள்ளோம். தளம் போட்டபின் பத்து நாளும் காலை மாலை நன்னீர் சுமந்து நனைக்க ஆள் வேண்டும். இளைஞர்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் பெயர் தருக.