எலும்பும் செய்தியும்



என்ஜினீயர் ஆச்சே, ஏதாவது மெஷினைப் பற்றிப் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் பேச வந்தது ஐனு மக்களைப் பற்றி. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவின் பூர்வகுடிகள் இவர்கள். மானுடவியல் ஆராய்ச்சி என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இவர்களுடைய கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் போனார்கள். 12 ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் 1,600 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் இருந்ததாக அரசின் கணக்கெடுப்பே சொன்னது.

இந்த ஆராய்ச்சி பத்திரிகையில் வரும்போது மண்டையோட்டு அளவு, டி.என்.ஏ., 'ஜப்பானியர் எங்கிருந்து வந்தனர்?' என்ற புதிர், இவைதான் பெரிய எழுத்தில் வரும். சுவாரசியமான விஷயம்தான், மறுக்கலை. ஆனா எலும்பு எப்படிக் கிடைத்தது என்பதை 'சேகரிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுவார்கள். யார் சேகரித்தது? யாரைக் கேட்டு?

1879-இல் ஷ்லெசிங்கர் என்ற ஜெர்மானியப் பயணி சப்போரோவில் ஓர் ஐனு கல்லறையிலிருந்து இரவில் ஒரு மண்டையோட்டைத் திருடினார். ஒளித்தாரா? இல்லை. அடுத்த வருஷமே பெர்லின் ஆய்விதழில் அதை அச்சில் ஏற்றிவிட்டார்! நூறு வருஷத்துக்கு மேல் அது பெர்லின் சேகரிப்பிலேயே கிடந்தது. 'மைனிச்சி' நாளிதழ் இதைத் தோண்டி எடுத்துச் செய்தியாக்கிய பிறகுதான் பேச்சுவார்த்தை நடந்து, 2017-இல் ஐனு பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார்கள்.

நம்ம ஒர்க்ஷாப்பில் ஒரு போல்ட்டுக்குக்கூட ரெஜிஸ்டர் உண்டு. அந்த 1,600 பேரில் பெயர் தெரிந்தவர்கள் 40 பேர்கூட இல்லை. பெயர் தெரிந்தால்தான் வாரிசுகளிடம் தருவோம் என்று முதலில் அரசு சொன்னது. பெயரை எழுதி வைக்காதது யார் குற்றம்? ஐனு முதியவர்கள் 2012-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசம் ஏற்பட்டு, உரகாவா ஊருக்கு 12 பேரின் எலும்புகள் திரும்பி, அவர்கள் முறைப்படி மண்ணில் அடக்கமாயின. அன்றைக்குச் செய்தியில் 'மாதிரி' இல்லை. 'முன்னோர்' என்று வந்தது.

ஷிராவோய் என்ற ஊரில் நினைவுக்கூடம் கட்டி, 2019-இல் மீதியில் 1,200-க்கு மேல் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்கா, எங்க ஊர் மண்ணுக்கு எப்போ என்று ஐனு மக்களில் சிலர் கேட்கிறார்கள்.