எழுத்து வினாவும் பொறுப்பாட்சியும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வட அயர்லாந்து நாட்டைப் பற்றியது. கடல் கடந்த ஒரு சிறு நாட்டின் சட்டசபை வழக்கத்தை நம் மேடையில் எடுத்துரைப்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. ஒரு சமூகத்தார் தமக்குக் குறை நேர்ந்தபோது கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றி, விண்ணப்பம் எழுதிச் சர்க்காருக்கு அனுப்புதல் எங்கும் உள்ள வழக்கம். விண்ணப்பத்துக்கு விடை வந்தாலும் வரலாம். வராமற் போயினும் போகலாம். சட்டசபை அங்கத்தினர் ஒருவர் எழுதிக் கொடுக்கும் வினாவோ அத்தகையதன்று. மந்திரி அதற்குக் குறித்த நாட்களுக்குள் விடையெழுதக் கடமைப்பட்டவர். எழுதிய விடை அச்சேறி நிற்கும். பத்தாண்டு கழித்தும் அதனை எடுத்துக்காட்டி, "தாங்கள் அன்று எழுதியது இதுவன்றோ?" என்று கேட்கலாம். ஆயினும் அவ்வினாவை எந்தச் சபையில் கேட்பது என்பதில் ஒரு பெருஞ் சிக்கல் உண்டு. அச்சிக்கல் ஒரு நாட்டை ஐம்பதாண்டு வாட்டிய வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

இங்கிலாந்தின் பார்லிமெண்டில் மந்திரியை வினவும் வழக்கம் பழையது. 1721-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்ட ஒரு வினாவே ஏட்டில் ஏறிய முதல் வினா என்பர். வாய்மொழி விடை வேண்டாது, எழுத்தில் மட்டும் விடை பெறும் முறை காமன்ஸ் சபையில் 1902-இல் வந்தது. வாய்மொழி வினா கண்ணுக்கு இனிய காட்சியாம். கைத்தட்டலும் சிரிப்பும் உண்டு. எழுத்து வினாவில் அவை இல்லை. ஆனால் தொகையும் தேதியும் கணக்கும் வேண்டுவார்க்கு உதவுவது இதுவே.

1920-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தால் வட அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்டு ஒன்று ஏற்பட்டது. 1921 ஜூன் 22-ந் தேதி பெல்ஃபாஸ்ட் நகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதனைத் திறந்து வைத்தார். போலீஸ், கல்வி, வீட்டு வசதி, ஸ்தல ஸ்தாபனங்கள் முதலியன அதன் பொறுப்பில் விடப்பட்டன. எனினும் அச்சட்டத்தின் 75-ஆம் பிரிவு, லண்டன் பார்லிமெண்டின் மேலான அதிகாரம் எள்ளளவும் குறையாது என்று தெளிவாகக் கூறிற்று. கொடுத்தவன் கையில் கடிவாளம் இருந்தது என்பது கருத்து.

இவ்விடத்தில் நம் நாட்டையும் ஒரு வார்த்தையில் நினைவு கூர்தல் தகும். ஏறத்தாழ அதே காலத்தில், 1919-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்துக்கும் கல்வி, ஸ்தல சுய ஆட்சி, வைத்தியம் முதலிய சில இலாக்காக்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. அவ்வாறு மாற்றிய விதிகளுக்கு 'டெவலூஷன் ரூல்ஸ்' என்றே பெயர். அக்காலத்துச் சென்னைச் சட்டசபை நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பவர், இன்ன இலாக்காவில் இன்ன வகுப்பார் எத்தனை பேர் என்னும் வினாக்களைக் காண்பர். சமூகச் சங்கங்கள் வினாவின் பயனை அன்றே அறிந்திருந்தன.

வட அயர்லாந்துக்கு மீள்வோம். 1923 மே 3-ந் தேதி காமன்ஸ் சபையின் சபாநாயகர் விட்லி ஒரு தீர்ப்பு அளித்தார். வட அயர்லாந்து அரசாங்கத்துக்கு விடப்பட்ட விஷயங்களைப் பற்றிய வினாக்களை அந்நாட்டு மந்திரிகளிடத்திலேயே கேட்கவேண்டும், இச்சபையிற் கேட்டல் கூடாது என்பது தீர்ப்பு. கேட்டவுடன் நியாயமாகவே தோன்றும். பொறுப்பில்லாத மந்திரியிடம் கேட்டுப் பயன் என்ன? மகன் கணக்கைத் தந்தையிடமா கேட்பது? ஆனால் மகன் கணக்கே காட்டாதவனாயின் எங்கே போவது என்பதை அத்தீர்ப்பு எண்ணவில்லை.

பெல்ஃபாஸ்ட் சபையோ, பின்பு ஸ்டார்மண்டு என்னும் குன்றில் கட்டிய மாளிகைக்குச் சென்ற அச்சபையோ, 1921 முதல் 1972 வரையில் ஒரே கட்சியின் கையில் இருந்தது. யூனியனிஸ்டுக் கட்சியே இடைவிடாது ஆண்டது. கத்தோலிக்கச் சிறுபான்மையோரின் பிரதிநிதிகள் முதலில் சபையைப் பகிஷ்கரித்தனர், பின்பு வந்தமர்ந்தனர், முறையான எதிர்க்கட்சி என்னும் பெயரை 1965-இல் தான் ஏற்றனர். அத்தனை ஆண்டுகளில் அவர்கள் கொணர்ந்து நிறைவேறிய சட்டம் 1931-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே என்று சரித்திரக்காரர் கூறுவர். பறவைகள் புண்ணியம் செய்தன! வினா கேட்கும் உரிமை ஸ்டார்மண்டில் அவர்களுக்கு இருந்தது. ஆட்சி மாறும் என்னும் அச்சம் இல்லாத மந்திரிக்கு வினா கொசுக்கடியே, தட்டிவிட்டுப் போவார். லண்டனில் கேட்கலாமெனின், 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வாயிலை அடைத்தது.

இங்ஙனம் இரண்டு வாயிலும் அடைபட்ட மக்கள் என்ன ஆயினர் என்பதற்கு டெரி நகரத்தின் கணக்கு ஒன்றே போதும். 1967-இல் அந்நகரில் கத்தோலிக்க வாக்காளர் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். நகரசபையிலோ யூனியனிஸ்டுகள் 12 பேர். எதிர்த்தரப்பார் 8 பேர். எங்ஙனம்? நகரை மூன்று வட்டமாக வகுத்தனர். தெற்கு வட்டத்தில் 10,047 கத்தோலிக்கரையும் 1,138 ஏனையோரையும் அடைத்து, எட்டு ஸ்தானம் கொடுத்தனர். மற்ற இரண்டு வட்டங்களிலும் யூனியனிஸ்டுகளுக்கே பெரும்பான்மை வருமாறு எல்லை வகுத்துப் பன்னிரண்டு ஸ்தானம் வைத்தனர். அன்றியும் ஸ்தலத் தேர்தலில் வீட்டுக்குரியவர்க்கும் வரி கட்டுவோர்க்குமே வாக்கு இருந்ததாதலின், வீடு ஒதுக்கும் அதிகாரமே வாக்கு வழங்கும் அதிகாரமும் ஆயிற்று. யாருக்கு வீடு என்பதை யார் கேட்பது?

கேட்டவர் ஒரு தம்பதிகள். டங்கானன் என்னும் ஊரில் வைத்தியத் தொழில் நடத்திய கான் மக்ளஸ்கியும் அவர் மனைவியார் பட்ரிஷியாவும் 1964 ஜனவரியில் சமூக நீதிக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் கொடி பிடிக்கவில்லை, கணக்குப் பிடித்தனர். ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்திலும் உத்தியோகம் எத்தனை, யாருக்கு, வீடு எத்தனை, யாருக்கு என்று ஊரூராகத் திரட்டித் துண்டுப் பிரசுரமாக வெளியிட்டனர். சபையில் மந்திரி எழுதித் தரவேண்டிய விடைகளைச் சபைக்கு வெளியேயிருந்து பிரஜைகள் தாமே எழுதினர் என்று சொல்லலாம். சங்கம் நடத்துவோர் இவ்விருவரின் வேலையைக் கவனித்தல் வேண்டும் என்பது என் விருப்பம். பிரதம மந்திரி டக்ளஸ்-ஹியூமுக்கு அவர்கள் எழுதினர். அவை வட அயர்லாந்து அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்கள் என்று விடை வந்தது. பழைய கதவு, அதே தாழ்ப்பாள்.

1966-இல் மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியிலிருந்து ஜெரி ஃபிட் என்பவர் லண்டன் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அத்தாழ்ப்பாளை ஓயாது அசைத்தார். லேபர் கட்சி அங்கத்தினர் சிலரும் துணை நின்றனர். ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது. டிரோன் மாவட்டத்துக் காலிடன் என்னும் சிற்றூரில், பிள்ளைகுட்டிகளோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்க, மணமாகாத பத்தொன்பது வயதுப் பெண் ஒருவருக்கு ஸ்தல ஸ்தாபனத்தார் வீடு ஒதுக்கினர். அங்கத்தினர் ஆஸ்டின் கரி இதனை ஸ்டார்மண்டு சபையில் எடுத்துப் பேசிப் பயன் காணாது, 1968 ஜூன் 20-ந் தேதி தாமே அவ்வீட்டினுள் புகுந்து அமர்ந்தார். ஆகஸ்டில் முதல் ஊர்வலம். அக்டோபர் 5-ந் தேதி டெரியில் தடியடி. அதன்பின் நிகழ்ந்த இரத்தக்களரியை நான் விரிக்கப் போவதில்லை. 1972 மார்ச்சு மாதத்தில் ஸ்டார்மண்டு பார்லிமெண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. வினா வழி திறந்திருந்தால் எல்லாம் நேராதிருந்திருக்கும் என்று சொல்ல நான் துணியேன். பகைக்கு வேறு வேர்களும் உண்டு. ஆனால் வீட்டுக் கணக்கைக் கேட்க ஓரிடம் இருந்திருப்பின், ஒரு சட்டசபை அங்கத்தினர் பிறர் வீட்டினுள் புகுந்து உட்கார வேண்டியிருந்திராது.

1998 ஏப்ரல் 10-ந் தேதி ஏற்பட்ட உடன்படிக்கையால் மீண்டும் சட்டசபை வந்தது. இம்முறை இரு தரப்பாரும் மந்திரி சபையில் பங்கு பெறுதல் வேண்டும் என்று விதித்தனர். நல்ல ஏற்பாடே, ஆனால் பெரிய கட்சிகள் யாவும் ஆட்சியில் அமர்ந்தால் வினவுவார் யார் என்னும் கேள்வி எழுகின்றதன்றோ? ஆதலின் தனித்தனி அங்கத்தினரின் எழுத்து வினாவுக்கு அங்கே மிக்க மதிப்பு. அங்கத்தினர் ஒருவர் ஒரு நாளில் ஐந்து வினா வரையில் கொடுக்கலாம். பத்து வேலை நாட்களுக்குள் விடை வரவேண்டும். அவசர வினாவெனில் ஐந்து நாள். வினாவும் விடையும் எவரும் காணப் பிரசுரிக்கப்படும்.

வினாவை எழுதுவது ஒரு கலை. "வைத்தியசாலைகளின் நிலை யாது?" என்று கேட்டால், அரசாங்கம் அதிற் பெருங் கவனம் செலுத்தி வருகின்றது என்று விடை வரும், அவ்வளவே. அந்நாட்டில் வைத்திய நிர்வாக ஸ்தாபனங்கள் ஐந்து. "சென்ற மார்ச்சு 31-ந் தேதியன்று, எலும்பு வைத்தியத்துக்காக ஓராண்டுக்கு மேற் காத்திருப்போர் அவ்வைந்தில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்?" என்று கேட்டால், மந்திரி தொகையைச் சொல்லவேண்டும், அல்லது தொகை தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்பதும் ஒரு விடையே. சில வேளை அதுவே பெரிய விடை. மந்திரிகளுக்கும் தப்பும் வழிகள் தெரியும். கேட்ட வடிவில் விவரம் இல்லை என்பர். திரட்டச் செலவு மிகும் என்பர். அது வேறொரு ஸ்தாபனத்தின் காரியம் என்று கைகாட்டுவர். அங்கத்தினர்களிலும் பத்திரிகையில் பெயர் வரவேண்டுமென்றே வினாக்களைக் குவிப்பவர் உண்டு. அவர்களால் மெய்யான வினாவுக்கு விடை தாமதமாகின்றது.

எழுத்து வினாவுக்கு எட்டாத குறையும் ஒன்றுண்டு. 2012 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம், மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள் முதலியவற்றால் சூடு உண்டாக்கும் தொழில் நடத்துவோர்க்கும் வியாபாரிகளுக்கும் உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எரிபொருளின் விலையினும் உதவித்தொகை மிகுந்திருந்தது. அதற்கு வரம்பும் இல்லை. எரிக்க எரிக்க லாபம்! இருபதாண்டில் 49 கோடிப் பவுன் வரை மிகுசெலவு ஆகலாம் என்று ஒரு காலத்து மதிப்பிட்டனர். 2016 பிப்ரவரியில் திட்டம் மூடப்பட்டது. 2017 ஜனவரி 9-ந் தேதி துணை முதல் மந்திரி மார்ட்டின் மக்கின்னஸ் இராஜிநாமாச் செய்ய, மந்திரிசபையே குலைந்தது. பின்பு நீதிபதி காஃக்லின் தலைமையில் நடந்த விசாரணையில், 2018-இல் சிவில் சர்வீஸ் தலைவர் சாட்சி சொல்லும்போது, மந்திரிகளோடு நடந்த கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதும் வழக்கம் தளர்ந்துவிட்டது என்றும், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்துவிடும் என்னும் எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்றும் கூறினார். எழுதாத குறிப்பிலிருந்து எழுத்து விடை எங்ஙனம் வரும்? கணக்கனே ஏட்டை மூடி வைத்தால், எசமானன் கேட்கும் கேள்வி காற்றோடு போகும்.

அதன்பின் மூன்றாண்டு மந்திரிகளே இல்லை. லண்டன் அரசாங்கமும் நேராட்சியை ஏற்கவில்லை. உத்தியோகஸ்தர் இலாக்காக்களை நடத்தினர். பெல்ஃபாஸ்டுக்கு அருகில் குப்பை எரிக்கும் பெரிய ஆலை ஒன்றுக்கு 2017 செப்டம்பரில் ஓர் இலாக்காவின் காரியதரிசியே அனுமதி கொடுத்தார். அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். மந்திரி இல்லாதபோது இத்தகைய முடிவைச் செய்ய உத்தியோகஸ்தருக்கு அதிகாரமில்லை என்று 2018 மே மாதம் ஹைகோர்ட்டும், ஜூலையில் அப்பீல் கோர்ட்டும் தீர்ப்பளித்தன. ஒரு வினாத்தாளில் அடங்கவேண்டிய காரியம் நியாயஸ்தலம் வரை நடந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே லண்டன் பார்லிமெண்டு, உத்தியோகஸ்தர் சில முடிவுகளைச் செய்துகொள்ள இடங்கொடுத்து ஒரு சட்டம் இயற்றிற்று. முடிவு செய்ய அவர்களுக்கு வழி பிறந்தது. அம்முடிவைப் பற்றிச் சட்டசபையில் விடையிறுக்க மந்திரி இல்லை.

லண்டன் சபையின் தாழ்ப்பாளும் முழுதும் நீங்கிவிடவில்லை. 1999 அக்டோபர் 25-ந் தேதி காமன்ஸ் சபை செய்த தீர்மானத்தின்படி, தனிச் சட்டசபைகளின் பொறுப்பில் விடப்பட்ட விஷயங்களைப் பற்றி அங்கே வினவ இடம் சுருங்கியதே. ஸ்காட்லாந்தில் சபை ஓயாது நடந்து வருதலின் இதனால் கேடில்லை. சபை அடிக்கடி நின்றுபோகும் வட அயர்லாந்தில்தான் பழைய பள்ளம் மீண்டும் தோன்றுகின்றது.

2020 ஜனவரியில் சபை கூடிற்று. 2022-இல் மறுபடியும் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 28-ந் தேதி எஞ்சியிருந்த மந்திரிகளும் பதவி நீங்கினர். பதினைந்து மாதம் வரையில் விடையெழுதும் கை இல்லை. 2024 பிப்ரவரி 3-ந் தேதி சபாநாயகரைத் தேர்ந்தெடுத்து, மிஷெல் ஓநீல் முதல் மந்திரியாகப் பதவியேற்ற பின்னரே பத்து நாள் கணக்கு மீண்டும் தொடங்கிற்று.