பரிசோதனை யாருக்கு, எதற்கு?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமக் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் மண்டலப் புற்றுநோய் மையம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதைக் கடந்தோரின் வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டுமே. இரு தரப்பிலுமாக 1,90,000க்கும் மேற்பட்டோர். 2005இல் ‘லான்செட்’ ஏட்டில் முடிவு வெளியாயிற்று. புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. பழக்கமற்றோரிடையே அத்தகைய பலன் தென்படவில்லை.

இந்த இரண்டாம் பாதியை எவரும் அதிகம் பேசுவதில்லை. வெற்றிலையோடு புகையிலையை மென்றுகொண்டே வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு அந்தப் பரிசோதனை உயிர்காப்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால், எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் நல்லது என்பது அதன் பொருளன்று.

தென்கொரியாவைப் பாருங்கள். கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது அங்கே மலிவான கூடுதல் சோதனையாகப் பரவியது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. மரண விகிதம் மட்டும் அசையவில்லை. வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத கட்டிகளுக்காகச் சுரப்பிகள் அறுத்தகற்றப்பட்டன. பலருக்கு ஆயுள் முழுதும் மாத்திரை. மிகைக்கண்டறிதல் என்பது இதுவே. திருவனந்தபுரத்திலும் 2005 முதல் 2014 வரையிலான காலத்தில் பெண்களிடையே இந்நோய்ப் பதிவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இங்கும் அதே கதைதானா என்று ஆய்வாளர்கள் கேட்டுள்ளனர். ‘முழு உடல் பரிசோதனை’யைத் தள்ளுபடி விலையில் விற்கும் தனியார் மருத்துவமனைகள் அக்கேள்வியை விளம்பரத்தில் அச்சிடுவதில்லை.

இதய நோயில் நிலைமை தலைகீழ். அச்சுத மேனன் மையத்தின் ஆய்வுப்படி கேரளத்தில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருப்பது 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் எல்லையை 140/90இலிருந்து 130/80ஆகத் தாழ்த்தின. அந்நாட்டின் வயது வந்தோரில் நோயாளிகளின் பங்கு ஒரே நாளில் 32இலிருந்து 46 விழுக்காடாயிற்று. இங்கே எல்லைக் கோட்டை நகர்த்துவது அவசரப் பணியன்று. 160ஐத் தாண்டியும் மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டவரைத் திரும்ப அழைத்து வருவதே அவசரம். அவர் நிறுத்தியதற்கு ஒருநாள் கூலி இழப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். குடும்ப சுகாதார மையங்களில் மாலை நேர மருத்துவம், தட்டுப்பாடில்லா மாத்திரை, ஆஷா ஊழியர்களுக்கு உரிய ஊதியம், தமிழ் படிக்கும் வீடுகளுக்குத் தமிழிலேயே துண்டறிக்கை. களியக்காவிளையைக் கடந்து தினமும் வேலைக்குச் செல்வோரின் சிகிச்சைக் குறிப்பு இரு மாநில மருத்துவமனைகளிலும் செல்ல வேண்டும். கிளைகள் முதலில், புகையிலை மெல்லும் தோழர்களையே வாய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லட்டும்.