பள்ளிச் செய்தி வீடு வந்து சேரவேண்டும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா என்றால் பட்டம் பெற்றோரையும் பணியில் அமர்ந்தோரையும் எண்ணி மகிழ்வது வழக்கம். அம்மகிழ்ச்சியை மற்றவர்கள் நிறைவாகப் பேசிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. தொடக்கப்பள்ளியில் நம் பிள்ளை என்ன கற்கிறது, அச்செய்தி பெற்றோர்க்கு எவ்வழியாக வந்து சேருகிறது என்பதே அது. பட்டம் வரை போகாமல் பாதியில் நின்றவர்களைக் குறித்து நம் தெருவில் பேசும்போதெல்லாம், 'ஒன்பதாம் வகுப்பில் நின்றான், பத்தில் தோற்றான்' என்கிறோம். உண்மையில் அவர்களுள் பலர் மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கியவர்கள். ஆறாண்டுக் காலம் அச்செய்தி வீட்டுக்கு வந்து சேரவில்லை.

பள்ளியின் உள்ளே நடப்பதை அறிய முடியாமை நம் மக்களுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளின் வாயில் நமக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கியதும், அம்முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதர் துணைநின்றதும், 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி அமைத்ததும் அந்த வாயில் திறவாமையினாலேயாம். மராட்டியத்தில் சோதிராவ் பூலே 1882இல் ஹண்டர் கல்விக்குழுவின்முன் அளித்த சாட்சியத்தில், உயர்கல்வியைக் காட்டிலும் பாமர மக்களின் தொடக்கக் கல்விக்கே அரசு முதலிடம் தரவேண்டும் என வற்புறுத்தினார். டாக்டர் அம்பேத்கர் சிறுவயதில் வகுப்பறையில் தனியே கோணிமீது அமர்த்தப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையும் கல்வியைப் பரப்புதலையே முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. பிள்ளைகள் உள்ளே நுழைவதற்கே அத்தனை பாடு. அன்று பெற்றோர் உள்ளே சென்று கேள்வி கேட்பது யாருடைய கனவிலும் இல்லை.

இன்று பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். பெற்றோர்தாம் இன்னும் வெளியே நிற்கிறோம். இதற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. நம் பள்ளத்தாக்கின் பிழைப்பும் ஒரு காரணம். முல்லைப் பெரியாற்று நீர் முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டித் திறக்கப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். நாற்றுப்பாவலும் நடவும் அதன்பின் வாரக்கணக்கில் தொடரும். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை முதன்முதலாக வகுப்பில் அமர்ந்து மிரண்டு விழிக்கும் அந்த நாட்களில் அதன் தாய் வயற்சேற்றில் நிற்கிறாள். மற்றொரு பகுதியினர் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர். இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறி மலை கடந்து இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறவர்களிடம் 'பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம்' என்றால் அது யாருக்கான கூட்டம்? கூலியை இழந்து வருவோர் எத்தனை பேர்? வராதவர்களை 'அக்கறை இல்லாதவர்கள்' என்று எழுதிவிடுவது எளிது. விடியுமுன்னே சோறாக்கி மூடிவைத்துவிட்டுப் போகிறவளை அக்கறையற்றவள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

இவ்விடத்தில் காலை உணவுத் திட்டத்தைச் சொல்லாமல் போகலாகாது. காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தாயின் மனச்சுமையில் ஒரு பாதியை அது இறக்கிவைத்தது. மற்றப் பாதி, பிள்ளை படிக்கிறதா என்பது.

பள்ளியில் இப்போது நடப்பது என்ன? இங்கு அமர்ந்துள்ள இளைஞர் பலர் செயல்வழிக் கற்றலில் பயின்றவர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய முறை அது. தரையில் அமர்ந்து, ஏணிப்படம் பார்த்து, அட்டை எடுத்துப் படித்தது அவர்களுக்கு நினைவிருக்கும். 'பாடம் நடத்தாமல் விளையாடவிடுகிறார்கள்' என்று அன்று பெற்றோர் பலர் குறைப்பட்டார்கள். ஏன் அவ்வாறு கற்பிக்கிறார்கள் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. குறை சொன்னதில் வியப்பில்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவும், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளறிந்து படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்பதற்காகவும் வகுக்கப்பெற்றது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எனச் செயல்பாடுகள் வகுப்பில் நிகழும். ஒரே வகுப்புப் பிள்ளைகளை அவரவர் எட்டிய நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பயிற்சி தருவர்.

பெயர்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் அரும்பிலேயே இருக்கிறது என்றால் அது முதல் வகுப்பளவிலேயே நிற்கிறது என்று பொருள். இதனைப் பெற்றோர் அறிதல் வேண்டும். 'என் பிள்ளை எந்நிலையில் உள்ளது, சென்ற பருவத்தில் எந்நிலையில் இருந்தது?' என்னும் இரண்டு கேள்விகள் போதும். எழுதப்படிக்கத் தெரியாதவரும் இவற்றைக் கேட்கலாம்.

மதிப்பெண் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, ஆண்டிறுதித் தேர்வு ஒன்றையே நம்பாமல், செயல்பாடுகளுக்கு வளரறி மதிப்பீடாக 40, எழுத்துத் தேர்வுக்குத் தொகுத்தறி மதிப்பீடாக 60 என்று வகுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆயினும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமோ கைந்நாட்டோ இட்டால் ஒன்றும் விளங்காது. மேலும், நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளை ஒரே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. ஏழைப் பிள்ளையைத் தோல்வி என்று முத்திரை குத்தி விரட்டாதிருக்க இது தேவையான ஏற்பாடு. இதனை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் 'அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்' என்பதை 'படித்துவிட்டாள்' என்று எடுத்துக்கொள்வது பேதைமை.

வீட்டிலேயே அறிந்துகொள்ள வழி உண்டு. பிள்ளை பாடநூலைத் திறந்து மடமடவென்று படிக்கும். பெற்றவர்க்கு உள்ளம் குளிரும். அது படிப்பதாகவும் இருக்கலாம், மனப்பாடமாகவும் இருக்கலாம். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்தின் நடுவே ஏதேனும் ஒரு சொல்லில் விரலை வைத்து 'இது என்ன?' என்று கேளுங்கள். பிறகு கடைசி வரியில் ஒரு சொல். பிள்ளை முதல் வரியிலிருந்து ஓதிக்கொண்டு வந்தால்தான் அச்சொல்லைச் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு எழுத்து இன்னும் பிடிபடவில்லை. குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள், பேருந்துப் பலகை, கடைப்பெயர் எனக் காணாத எழுத்தைப் படிக்கச் செய்யலாம். ஆடிச் சனிக்கிழமைகளில் சனீசுவரர் கோயிலுக்குத் திரளும் வெளியூர்க் கூட்டத்துக்கு வாய் ஓயாமல் வழி சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம்மவர்கள். அதே பிள்ளைகளுள் சிலர் வழிகாட்டிப் பலகையைப் படிக்கத் திணறுவதை நாம் கண்டிருக்கிறோம். வாய்ச்சாதுரியம் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

கணக்கும் அப்படியே. ஆறு நாள் வேலை, நாளுக்கு இத்தனை கூலி, முன்பணம் கழித்தால் கைக்கு வருவது எவ்வளவு என்று பிள்ளையைக் கொண்டே போடச்சொல்லுங்கள். கங்காணியின் கணக்கும் இதனால் சரியாகும். இது கூடுதல் இலாபம்.

இனி உரிமை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்துள்ளது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நம் போன்ற நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ப இடம் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பள்ளி நடைமுறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், நிதி செலவாகும் வகையைப் பார்ப்பதும் அக்குழுவின் பணிகள். ஆனால் நடப்பது என்ன? ஓரிடத்தில் நம் தாய் ஒருவர் உறுப்பினர் என்று பதிவேட்டில் இருந்தது; அச்செய்தி ஓராண்டு அவருக்கே தெரியாது. கையொப்பம் மட்டும் பிள்ளையின் கையில் வந்த தாளில் வாங்கப்பட்டிருந்தது. ஊரையும் பள்ளியையும் சொல்லவேண்டுவதில்லை. இதுபோல் பல இடங்களில் நிகழ்வதை நீங்களே அறிவீர்கள். பிள்ளையை அடிப்பதையும் மனம் புண்பட நடத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. தெருப்பெயர் சொல்லி அழைப்பதும் சாதி பார்த்து வேலை ஏவுவதும் அத்தகைய புண்படுத்தலே. இவை நிகழ்ந்தால் குழுக் கூட்டத்தில் எழுப்பிப் பதிவேட்டில் எழுதச்செய்தல் வேண்டும். வாய்ச்சண்டை மறுநாள் மறைந்துபோம். பதிவேட்டில் ஏறிய வரி நிற்கும்.

ஆசிரியர்களுள் நல்லோர் பலர் உளர். ஓரிரு ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் தாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் வந்து கேட்பதை மகிழ்வோடு வரவேற்கும் ஆசிரியரை நாம் பகையாக்கிக்கொள்ளலாகாது. கூட்டத்தை மாலை ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ நம் தெருவிலேயே கூட்டுமாறு கேட்போம். ஆசிரியர்க்கு அது கூடுதல் உழைப்பு என்பதை உணர்ந்தே கேட்கிறோம்.

இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலைதோறும் தன்னார்வலர் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை நாம் அறிவோம். படித்த பெண்கள் தெருவிலேயே கற்பிக்க முடியும் என்பதை அது காட்டியது. அரசின் திட்டம் வரும், போகும். சங்கத்தின் படிப்பகம் இங்கேயே இருக்கிறது. இனி ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து அவ்வாரம் வந்த சுற்றறிக்கை, உதவித்தொகைச் செய்தி, குழுக் கூட்ட நாள் ஆகிய அனைத்தும் அங்கு உரக்கப் படிக்கப்பெறும். மூன்றாம் வகுப்பு முதல் நம் மாணவியர்க்கு ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் ஊக்கத்தொகைக்குச் சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் வேண்டும். தாள் கைக்கு வந்தபின் ஓடுவதில் பயனில்லை. இப்போதே எடுத்து வைக்க இருவர் உதவி செய்வர்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புவரையுள்ள நம் பிள்ளைகள் அனைவரின் பெயரும் ஒரு பதிவேட்டில் எழுதப்பெறும். எழுத்து, சொல், வரி, கதை என நான்கு படிகளில் யார் எப்படியில் இருக்கிறார்கள் என்பதை மூன்று திங்களுக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்போம். பிள்ளையின் நிலையை அதன் பெற்றோரிடம் மட்டும் தனியே சொல்வோம், பிறர்முன் படிக்கமாட்டோம். வருகிற ஞாயிறு முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பாடநூல் வேண்டாம், மதிப்பெண் அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள். ஜீப் வரத் தாமதமாகும் தாய்மார்களுக்காக ஒன்பது மணிவரை விளக்கு எரியும்.